நாலாம் பெஞ்ச்

ரைபிளின் ஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் முதலில் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். தலையை ஒரு நூலளவு முன்னுக்கு நகர்த்தினால் கறுப்பு ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் திறக்கும். இருபத்தைந்து யார்ட் தூரத்தில் தொங்குகிற காகித அட்டைதான் அது. தவநாயகிக்கு அது ஒருநாளும் காகிதமாகத் தெரிந்ததில்லை. யாரும் இன்னும் நடந்துபோகாத ஓர் இடம் அங்கே விரிந்து கிடப்பதாகத் தோன்றும். பனி கொட்டிய மறுநாள், நாய்களும் பிள்ளைகளும் வருவதற்கு முன்னால் குட்மேய்ஸ் பூங்கா இருக்குமே, அப்படி. அந்த வெள்ளைக்குள் நின்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை. எதையாவது எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறரையிலிருந்து எட்டு மணிவரை அந்த இடம் அவளுடையது. ஆறு மாதமாக அவளுடையது. இந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அது அவளுடையதாக இருக்குமா என்பது தெரியாது.

அவளுடைய சுடும் கிளப், லண்டனில் ஃபொரஸ்ட் கேட்டில் ஓவர்கிரவுண்ட் ரயில் பாலத்துக்குக் கீழே, ஒரு செங்கல் வளைவுக்குள் குகைபோல நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் டயர் கடை. மறுபக்கம் யாரோ பியானோ திருத்தினார்கள். உள்ளே ஐந்து பெஞ்சுகள், ஐந்து கதிரைகள். பெஞ்ச் என்றால் சுடும் மேசை. ரைபிளை அதில் கிடத்தி, அதன் முன்பக்கத்தை ஒரு தாங்கியிலும் பின்பக்கத்தை ஒரு மணல் பையிலும் வைத்து, கதிரையில் இருந்தபடியே சுடுவார்கள். நின்றபடி தூக்கிப் பிடிக்க ஏலாதவர்களும் சுடலாம். முழங்கால் மாற்றியவர்கள், ஒரு கை நடுங்குகிறவர்கள், எழுபத்தெட்டு வயதான ஒரு முன்னாள் தபால்காரர் எல்லோரும் வந்தார்கள். தலைக்கு மேலே ரயில் போகும்போது எல்லோரும் விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். செங்கல் இடுக்குகளிலிருந்து தூசி மெல்ல இறங்கும். விளக்கு வெளிச்சத்தில் அது கீழே வந்து சேர நெடுநேரம் எடுக்கும். அந்த நேரம் தவநாயகிக்கு மிகவும் பிடிக்கும்.

நாலாம் பெஞ்ச் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆறு மாதம் முடிகிற புதியவர்கள், புதியவர் போட்டியில் ஓர் அட்டையை முழுதாகச் சுட்டு இருநூற்றைம்பதுக்கு இருநூறு புள்ளிகளாவது எடுக்கவேண்டும். எடுத்தால் நிரந்தர உறுப்பினர். தவறினால் பெஞ்ச், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள்.

அவள் இங்கே வந்து சேர்ந்ததே வேலையால்தான். இல்ஃபோர்டில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்து லென்ஸ்களை அளவாக வெட்டிச் சட்டங்களில் பொருத்துகிறவள் அவள். கிளப்பின் செயலாளர் போலீன் ஒருநாள் வந்து, தலையைச் சாய்த்துக் குறி பார்க்கும்போது தெளிவாகத் தெரியத்தக்கதாக ஒரு கண்ணாடி வேண்டும் என்றாள். மூன்று கடைகள் முடியாது என்று அனுப்பியிருந்தன. தவநாயகி லென்ஸின் மையத்தை மேலே, மூக்குப் பக்கமாக நகர்த்தி வெட்டிக் கொடுத்தாள். "சரியாக இருக்கிறதா என்று நீயே வந்து பார்" என்றாள் போலீன். போய்ப் பார்த்தாள். பார்த்தவளை ஒரு கதிரையில் இருத்தினார்கள்.

அன்றைக்கு வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஐந்து பேர் அவளுடைய காலுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டுக்கொள் கண்ணே, வெறும் தோட்டாக் கோதுகள் சூடாக விழும்" என்றாள் போலீன்.

ரைபிளின் முன்னால் இருந்தபோது தவநாயகி பயத்துக்காகக் காத்திருந்தாள். வரவேண்டிய ஆள்தானே என்று இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த துவக்குகள் எல்லாம் மற்றவர்களின் தோளில் தொங்கியவை, இல்லாவிட்டால் தூரத்தில் சத்தமாக மட்டும் கேட்டவை. பயம் வரவில்லை. வெள்ளைதான் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்தபோது, பயம் வராததுதான் அவளைக் கொஞ்சம் வெட்கப்படுத்தியது. யாருக்கோ செய்யவேண்டிய மரியாதையைச் செய்யாமல் வந்துவிட்டதுபோல.

கணவர் யோகராஜாவிடம் சொன்னபோது அவர் எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸை றொம்ஃபோர்டுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் இடையில் ஓட்டிக் களைத்துவந்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"துவக்கோ? துவக்குச் சுடவோ போறீர்?" கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிட்டது. "துவக்குக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்சை வந்து கிடக்கிறம்."

"நீங்கள் பயந்து வந்தனியள். நான் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தனான்."

"அது இன்னும் பெரிய ஆபத்து எண்டு அப்ப ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. நான் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. பகிடியாக மாற்றிக்கொண்டார். யாராவது தொலைபேசியில் வந்தால், "மனுசியோடை பார்த்துக் கதையுங்கோ, இப்ப ஆள் ஸ்னைப்பர்" என்பார். லீட்ஸில் இருந்த மகள் மிதுஷாவிடமும் அப்படித்தான் சொன்னார். அவள், "அம்மா, ஏதும் பிரச்சினையோ? ஏன் இப்பிடி?" என்று கேட்டாள். ஏன் என்பதற்குத் தவநாயகியிடம் பதில் இருந்தது, ஆனால் அது தொலைபேசியில் சொல்லக்கூடிய அளவில் இல்லை. அங்கே நான் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை பிள்ளை என்று எப்படிச் சொல்வது? கேட்கிற மகள், அப்ப நான் உங்களுக்கு ஒண்டும் இல்லையோ என்பாள்.

ரைபிளின் பின்பக்கத்தைத் தாங்கும் பையை அவளே தைத்தாள். கிளப்பின் பழைய பைகள் பிரிந்து கொட்டத் தொடங்கியிருந்ததால், ஆளாளுக்குச் சொந்தப் பை கொண்டுவரச் சொன்னாள் போலீன். தவநாயகி மிதுஷாவின் பழைய ஜீன்ஸை வெட்டி, மேலே முயல் காதுகள்போல இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் வரும்படி இரட்டைத் தையல் போட்டாள். ரைபிளின் பின்புறம் அந்தப் பள்ளத்தில் அடங்கும். நிரப்பத்தான் மணல் இல்லை. கடையில் இருபத்தைந்து கிலோ மூட்டையாகத்தான் விற்றார்கள். யோகராஜாவிடம் சொன்னால் தூக்கிக்கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டு, "என்ரை மணலிலைதானே சுடுறீர்" என்பார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் அந்த வெள்ளைக்குள் அவர் ஒரு காலை எடுத்து வைத்துவிடுவார். சமையலறை அலுமாரியைத் திறந்தபோது அரிசி மூட்டை இருந்தது. ஒரு பிடி அள்ளிப் பொத்தினாள். கைக்குள் இறுகி நின்றது. இது போதும் என்று நினைத்தாள்.

அந்தப் பையில் அவளுடைய புள்ளிகள் இருநூற்று முப்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. கிளப்பின் பதினாலு பக்க விதிப் புத்தகத்தில் பாதுகாப்புப் பக்கங்களை அவள் மனப்பாடமாகப் படித்திருந்தாள். உபகரணங்களைப் பற்றிய பக்கங்கள் சொந்தமாக ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு என்று நினைத்துப் புரட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை யோகராஜா காரில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வரமாட்டேன் என்றார். "அந்தச் சத்தம் எனக்குச் சரிவராது. நான் காருக்கை ரேடியோ கேட்டுக்கொண்டு இருக்கிறன். நீர் போய் வெண்டுகொண்டு வாரும்."

உள்ளே, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உபகரணங்களைச் சோதித்துக்கொண்டிருந்தவன் கொட்வின். கிளப்பில் அவளைத் தவிர இருந்த ஒரே தமிழன் அவன். பருத்தித்துறையில் பிறந்து, ஜேர்மனியில் பதினெட்டு வருடம் இருந்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தவன். கொதிகலன் திருத்துகிற வேலை. ஜேர்மனியில் அவனுடைய கிராமத்துச் சுடும் சங்கத்தில் தொப்பியில் இறகு வைத்து ஊர்வலம் போன படத்தை எல்லோருக்கும் காட்டுவான்.

அவளுக்கு ஒதுக்கிய கிளப் ரைபிளைத் தராசில் தொங்கவிட்டு நிறை பார்த்தான். ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைப் புதியவர்களுக்கு அனுமதித்த அளவுக்குக் குறைத்து, வளையம் திரும்பாதபடி சிவப்பு ஒட்டுநாடா ஒட்டினான். பிறகு ரைபிளை முன்தாங்கியிலும் பையிலும் வைத்து நேராக மேலே தூக்கினான். தாங்கியோ பையோ அதோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. வரவில்லை. "வடிவாய் இருக்கு அக்கா" என்றபடி பையை ஒருதரம் அமத்தினான்.

இன்னொருதரம் அமத்தினான். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினான்.

"அக்கா, இதுக்குள்ளை என்ன?"

"அரிசி."

கொட்வின் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "என்ன அரிசி?"

"சம்பா."

"பச்சையோ, புழுங்கலோ?"

"புழுங்கல். ஏன் தம்பி, அது முக்கியமோ?"

"இல்லை. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அதுதான் கேட்டனான்." நெற்றியைத் தடவினான். "பதினோராம் விதி அக்கா. பைக்குள்ளை உலர்ந்த மணல் மட்டும்தான் இருக்கலாம். ஈயம் போட்டுப் பாரம் ஏத்தினவங்களும் இருக்கிறாங்கள், பையைத் துவக்கோடை கொழுவி இறுக்கினவங்களும் இருக்கிறாங்கள். அதுக்காகப் போட்ட விதி. அரிசியைப் பற்றி ஒருத்தனும் யோசிச்சிருக்கமாட்டான்."

"அப்ப அரிசி பிழையெண்டு எழுதேல்லைத்தானே?"

"மணல் மட்டும் எண்டு எழுதியிருக்கு."

"மூண்டு மாசமாய் இதிலைதான் சுட்டனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"பயிற்சியிலை பார்க்கிறேல்லை. போட்டியிலைதான் பார்க்கிறது."

தவநாயகியின் கண்ணுக்கு முன்னால் பதினேழு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். முகம் இல்லாத பதினேழு பேர், கோட்டும் பையுமாக, நாலாம் பெஞ்சைப் பார்த்தபடி. அவள் வாயிலிருந்து ஒருபோதும் வராது என்று நினைத்திருந்த ஒன்று வந்தது. "ஊராள் எண்டுகூடப் பார்க்கமாட்டியளோ, கொட்வின்?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் ஜேர்மனியிலை பதினெட்டு வருசம் இருந்தனான் அக்கா" என்றான் பரிதாபமாக. "என்னாலை ஏலாது."

வேறு பை இருக்கவில்லை. கிளப்பின் பழைய பைகள் குப்பைக்குப் போயிருந்தன. மற்ற நாலு புதியவர்களும் அதே நேரத்தில்தான் சுடுகிறார்கள். கொட்வினின் பை, பேர்மிங்காம் போட்டிக்குப் போன அவனுடைய மகளோடு போயிருந்தது. போலீனோ தரையில் படுத்துச் சுடுகிறவள். அவளுக்குப் பையே கிடையாது. இலக்குகளுக்குப் பின்னால் குவிந்திருந்த மணல் முழுக்க ஈயக் குண்டுகள். பத்து நிமிடம் இருந்தது.

"பை கட்டாயம் இல்லை" என்றான் கொட்வின் கடைசியில். "கையைப் பொத்தி அடியிலை வைச்சும் சுடலாம். விதி விடும். ஆனால் கஷ்டம்."

"செய்தனீங்களோ?"

"ஒருக்கால். பிறகு மணலே தேடிப் பிடிச்சிட்டன்."

பையை அவனுடைய மேசையிலேயே விட்டுவிட்டு அவள் நாலாம் பெஞ்சில் போய் இருந்தாள். இடது கையைப் பொத்தி ரைபிளின் பின்புறத்துக்கு அடியில் வைத்தாள். அதன் மரக்கட்டை அவளுடைய முஷ்டியின் எலும்பில் குளிர்ந்தது. இருபத்தைந்து சிறிய வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு, இருபது நிமிடம். போலீன் மணியை அடித்தாள்.

கறுப்பு ஒதுங்கி வெள்ளை திறந்தது. ஆனால் அது பழைய வெள்ளை இல்லை. ஆடியது. குறிக்கோடுகள் ஒரு வட்டத்தின் நடுப்புள்ளிக்கு வந்து, மெல்ல ஒரு துள்ளுத் துள்ளி, இறங்கி, மறுபடியும் துள்ளின. யாரோ அடியில் இருந்து தட்டுகிறார்கள்போல. மேலே ரயிலும் போகவில்லை. கொஞ்சநேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது: அது அவளுடைய நாடி. முஷ்டியின் அடியில், மணிக்கட்டில் ஓடுகிற இரத்தம் ரைபிளைத் தூக்கித் தூக்கி வைத்தது.

முதல் குண்டு வட்டத்தின் விளிம்பில் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் உள்ளே. நாலாவதுக்கு மூச்சைப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்கத் துள்ளல் பெரிதானது. கை நிற்கவேண்டும், நெஞ்சு நிற்கவேண்டும் என்று தனக்குள் கெஞ்சினாள். நிற்குமா? இத்தனை மாதமும் இந்தக் கதிரையில் தன்னை விட்டுவிட்டு வரலாம் என்றுதான் இங்கே வந்தாள். தவநாயகியை வாசலில் விட்டுவிட்டு வெறும் கண்ணாக உள்ளே வந்து இருக்கலாம் என்று. இப்போது அவளே வந்து, அந்த வெள்ளையின் நடுவில் நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லாத அந்த ஆளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பைக்குள் இருந்த அரிசி அதைக் கேட்கவிடாமல் மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

தலைக்கு மேலே ரயில் வந்தது. விரலை எடுத்தாள். ஐவரும் எடுத்தார்கள். தூசி இறங்கத் தொடங்கியது. அவள் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், தன்னுடைய துடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துள்ளல். பிறகு ஒரு சரிவு. சரிவின் அடியில், அடுத்தது வருவதற்கு முன்னால், கோடுகள் ஒரு கணம் எங்கும் போகாமல் நின்றன. மறுபடியும் துள்ளல். மறுபடியும் அந்த நிற்றல். எவ்வளவு சின்னது என்றால், தேடினால் கிடைக்காது. காத்திருந்தால் தானாக வந்துபோனது. அறிமுகமான ஒருவரைக் கூட்டத்தில் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. இந்த வயதுவரை ஒரே உடம்பில் இருந்தும் இந்த இடத்துக்கு அவள் போனதில்லை.

ரயில் போனது. அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. துள்ளட்டும் என்று விட்டாள். சரிந்தது. நின்றது. விரல் அமத்தியது.

நடுவில்.

அதற்குப் பிறகு அவள் எண்ணவில்லை. ஒரு துடிப்பு, ஒரு சரிவு, ஒரு குண்டு. சிலவேளை மூன்று நாலு துடிப்புகளைப் போகவிட்டாள். சில தவறின, விரல் பிந்தியது. போல்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம் வேறு யாருடைய பெஞ்சிலிருந்தோ வருவதுபோல இருந்தது. "ஐந்து நிமிடம்" என்று போலீனின் குரல் மிகத் தூரத்தில் கேட்டபோது கண்ணை எடுத்துப் பார்த்தாள். இன்னும் ஒன்பது வட்டங்கள் மிச்சம் இருந்தன. நெஞ்சு பாய்ந்து அடித்தது. அடித்ததால் இடைவெளிகளும் அடுத்தடுத்து வந்தன. சின்னதாக, ஆனால் நிறைய. ஒவ்வொன்றாகப் பிடித்தாள். கடைசிக் குண்டு போய் அட்டையைத் தொட்டதற்கும் மணி அடித்ததற்கும் இடையில் அவள் ஒரு மூச்சுத்தான் விட்டிருப்பாள்.

அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். கொட்வின் எழுந்து விலகி நின்றான். "இவவின்ரை அட்டையை நான் எண்ணமாட்டன். நான் இவவின்ரை ஊராள்" என்று தமிழில் சொல்லி, போலீனுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னான். போலீன் தன்னுடைய கண்ணாடியை, தவநாயகி வெட்டிக் கொடுத்த அதே கண்ணாடியை, மூக்கில் ஏற்றிவிட்டு ஓட்டை ஓட்டையாகப் பார்த்தாள். கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஓட்டைகளுக்குள் ஓர் உலோகக் குச்சியை நிறுத்தி, பூதக்கண்ணாடியால் குனிந்து பார்த்தாள். உதடுகள் முணுமுணுத்தன. தவநாயகி அவளுடைய உதடுகளைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவித்தலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

"இருநூற்று நாலு" என்றாள் போலீன். மறுபடியும் கூட்டினாள். "ஓம், இருநூற்று நாலு. ஐந்து பேரில் நாலாவது." பிறகு தலையை நிமிர்த்தி, "செவ்வாய்க்கிழமை உன்னுடைய வழக்கமான நேரத்துக்கு வா. ஆனால் மணலோடு வா" என்றாள்.

கொட்வின் வாசல்வரை வந்தான். "அக்கா, கோவமோ?"

"ஓம்" என்றாள் தவநாயகி. "செவ்வாய்க்கிழமைக்கிடையிலை போயிடும்."

"மணல் நான் கொண்டுவாறன். எத்தினை கிலோ?"

"வேண்டாம் தம்பி. கொஞ்ச நாளைக்குக் கையிலையே சுட்டுப் பார்க்கப் போறன்."

அவன் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான். விதியில் இடம் இருக்கிறதா என்று யோசிப்பவன்போல.

காரில் ரேடியோவில் யாரோ மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யோகராஜா அதைக் குறைத்தார்.

"என்ன, வெண்டனீரோ?"

"கடைசிக்கு முதல் ஆள்."

"ஐயோ." அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தினார். "அப்ப இனிப் போகத் தேவையில்லையோ?"

"இனித்தான் போகவேணும். ஒவ்வொரு செவ்வாயும்."

அவர் சாவியைத் திருப்பி, றொம்ஃபோர்ட் றோட்டில் மனோர் பார்க்கைத் தாண்டி ஓட்டினார். பஸ் ஓட்டுகிறவர்களின் பழக்கம், ஒவ்வொரு நிறுத்தத்தையும் திரும்பிப் பார்த்தபடி வந்தார். தவநாயகி மடியில் கைகளை வைத்திருந்தாள். இடது கையின் முஷ்டியில் கட்டை அழுத்திய சிவப்பு இன்னும் போகவில்லை. வலது கை விரல்களை அந்த மணிக்கட்டில் வைத்திருந்தாள். வெளியில் கடைகள், குடைகள், பிள்ளை வண்டிகள் எல்லாம் ஒரு துள்ளலும் ஒரு சரிவுமாகப் போய்க்கொண்டிருந்தன.

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது யோகராஜா கேட்டார். "செவ்வாய்க்கிழமை மரக்கறிச் சமையல்தானே?"

"ஓம்."

"பருப்பு வைக்க எனக்குத் தெரியும். கத்தரிக்காயை என்ன செய்யிறது?"

"நீளமாய் வெட்டி, முதல் உப்புப் போட்டு வையுங்கோ" என்றாள் அவள். "மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்."